நாகஸ்வரத்துக்கு ஏன் எப்போதும் காலி ஹால்?

[திரையில்: மார்கழி சீசன் நிகழ்ச்சி நிரல் ஒன்று. பெயர்கள் மறைக்கப்பட்டு நேரங்கள் மட்டும் தெரிகின்றன]

சென்னை டிசம்பர் கர்நாடக இசை சீசன் நிகழ்ச்சி நிரல் ஏதாவது ஒன்றை எடுத்து, யார் பாடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் பாருங்கள். மத்தியானம் இளையவர்கள், பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. நாலு மணி வாக்கில் ஓரளவு பெயர் வாங்கியவர்கள். ஆறு, ஆறரைக்கு மேல் நட்சத்திரங்கள், டிக்கெட், வாசலில் கார் நிறுத்த இடமில்லாத சண்டை. சரி, நாகஸ்வரம் எங்கே? கச்சேரிகள் நடத்தும் சபாக்கள் பலவற்றில் அது தொடக்க விழா அன்றைக்கு 'மங்கள இசை' என்ற பெயரில், தலைமை விருந்தினரின் கார் வந்து சேர்வதற்கு முன்னால். நாற்காலி துடைப்பவர் துடைத்துக்கொண்டிருப்பார், மைக்காரர் குறுக்கே நடப்பார், முன்னாடியே வந்துவிட்ட மாமாக்கள் கேண்டீன் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள், மேடையில் ஒருவர் கல்யாணி ராகம் வாசித்துக்கொண்டிருப்பார்.

கலையில் மேட்டிமைத்தனம் என்றதும் வாசலில் நிறுத்தி விரட்டுவதைத்தான் நினைத்துக்கொள்கிறோம். சபா உலகத்தில் அப்படி யாரும் விரட்டுவதில்லை. வரச் சொல்வார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், மங்கள வாத்தியம் என்று மனதார வாழ்த்துவார்கள், கொடுக்கிற நேரம் மட்டும் கேட்க ஆளில்லாத நேரமாக இருக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: நாகஸ்வரம் திறந்தவெளி வாத்தியம், ஏசி ஹாலில் காதைத் துளைக்கும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சின்ன ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்து தவிலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் சாக்ஸபோன் மட்டும் என்ன, வீணை மாதிரி மெல்லிசாகவா ஒலிக்கும்? ஊதினால் தெருமுனை வரை கேட்கும் அந்தப் பித்தளை வாத்தியத்தை கத்ரி கோபால்நாத் கையில் எடுத்தபோது சபாக்கள் அதற்கு முழுக் கச்சேரி கொடுத்தன, ரசிகர்களும் டிக்கெட் வாங்கிப் போனார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறுவனாக வந்தபோது அந்த வாத்தியம் எந்த ஊர்க்காரருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் மேதைகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஐரோப்பாவில் பிறந்த வாத்தியங்களுக்கு முழு நீளக் கச்சேரி கொடுக்க முடிந்த சபாவுக்குக் காவிரிக் கரை வாத்தியம் மட்டும் 'ஹாலுக்கு ஒத்து வராது' என்றால், சிக்கல் ஒலியில் இல்லை.

[திரையில்: இரவு, கோவில் வீதி, சுவாமி புறப்பாடு]

இரண்டாவது பதில் இன்னும் பழையது: சாஸ்திரிய சங்கீதம் பாமரருக்குப் புரியாது. இதைச் சொல்கிறவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில் உற்சவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை, அப்புறம் நாலு வீதியையும் சுற்றி வருவதற்குள் ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் விரித்து வாசிக்கும் ஆலாபனை. கேட்டவர்கள் யார்? அந்த ஊர் விவசாயி, வண்டிக்காரர், கடைக்காரர், அவர்கள் வீட்டுப் பெண்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடவே நடந்த பிள்ளைகள். ஸ்வரம் எழுதத் தெரியாது, மேளகர்த்தா என்கிற தாய் ராகங்கள் எத்தனை என்று கேட்டால் சிரிப்பார்கள். நேற்று வாசித்தவரைவிட இன்றைக்கு வந்தவர் தோடியில் எங்கே கோட்டைவிட்டார் என்பதை மட்டும் டீக்கடையில் துல்லியமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கோவில் திருவிழாக்களிலும் விடிய விடிய மேளக் கச்சேரி கேட்ட கூட்டம் இப்படிப்பட்டதுதான். 1962இல் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் சினிமாவில் வந்தபோது அந்த ஆபேரி ராகப் பாட்டைப் பட்டிதொட்டியெல்லாம் முணுமுணுத்தது. புரியாமலா?

சபாவுக்குள் உட்கார்ந்து பாடிய பாட்டுக்காரர்களும் இந்தத் தெருவிலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் ஆலாபனையில் நாகஸ்வரப் பிடிகள் இருக்கின்றன என்பது ரசிகர்கள் எல்லோரும் பேசுகிற விஷயம். பாணி உள்ளே போய்விட்டது, வாசித்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள்.

நின்றார்கள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும், தோளில் துண்டு இருக்கக் கூடாது, பெரிய மனிதர்கள் முன்னால் அது இடுப்பில்தான் இருக்க வேண்டும். இசை வேளாளர், மருத்துவர் சமூகங்களிலிருந்து வந்த கலைஞர்கள் இவர்கள். சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் மதுரை சிவக்கொழுந்து என்ற வித்வான் தோளில் துண்டோடு வாசிக்க, எடுக்கச் சொல்லிச் சிலர் அதட்ட, அங்கிருந்த இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி 'எடுக்காதே, வாசி' என்று கூடவே நின்ற கதையை அந்த இயக்கத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நான் இந்தக் கதையில் கவனிப்பது துண்டை எடுக்கச் சொன்னவர்களைத்தான். வாசிப்பு நன்றாக இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. ரசித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார்கள்.

[திரையில்: டி.என். ராஜரத்தினம் பிள்ளை, கருப்பு வெள்ளைப் படம்]

இந்த இடத்தில் நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வராமல் இருக்க முடியாது. 1898இல் திருமருகலில் பிறந்தவர். கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டார், கூர்மையாக ஒலிக்கும் திமிரி நாகஸ்வரத்தை விட்டு நீளமான, கனமான ஒலியுள்ள பாரி நாகஸ்வரத்துக்கு மாறினார். அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆச்சாரி. காதைத் துளைக்கிறது என்ற புகாருக்கு நாகஸ்வரக்காரர்களே அப்போதே வேலை செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்! ராஜரத்தினத்தைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லும் கதைகள் ஏராளம். பாட்டு வித்வான் அதே மாதிரி நடந்திருந்தால் அதற்கு 'வித்வத் கர்வம்' என்று அழகாகப் பெயர் வைத்திருப்பார்கள். அவர் 1956 டிசம்பரில் இறந்தார். சென்னையின் பெரிய சபாவான மியூசிக் அகாடமி தரும் உயர்ந்த விருது, சங்கீத கலாநிதி, அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதே 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது, 1998இல் ஷேக் சின்னமௌலானாவுக்கு. கிடைக்கவே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஆனால் பாட்டுக்காரர்கள் பட்டியலின் நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

அகாடமி 1928இல் தொடங்கியது, முந்தைய வருஷம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி. அங்கே திரும்பத் திரும்ப வரும் வார்த்தை 'தரம்'. 1941இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் மாநாடு கூட்டி, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு அதிகம் பாட வேண்டும் என்று கேட்டபோது, மொழியைக் காரணம் காட்டிக் கர்நாடக சங்கீதத்தின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்று அகாடமி தரப்பு பதில் சொன்னது. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி எல்லாம் தமிழில் எழுதிவைத்த பாட்டுகள் அப்போதும் இருந்தன. அவர்கள் பாட்டு பெரும்பாலும் கச்சேரியின் கடைசியில், தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப் பேர் செருப்பைத் தேடக் கிளம்பும் நேரத்தில் துக்கடா என்கிற சின்ன உருப்படியாக வரும். 1943இல் தமிழ் இசைச் சங்கமே தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது. பாருங்கள், இங்கேயும் தடை இல்லை, நேரம்தான். நாகஸ்வரத்துக்கு ஆள் வருவதற்கு முன்னால், தமிழுக்கு ஆள் கிளம்பும்போது.

மேடைக்கே வராதவர்கள் வேறு இருக்கிறார்கள். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையும் இடது முகமான தொப்பியும் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். அந்தத் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் பிடித்து, சுருதி சேர்த்துக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். நாதம் கைவிரலில் மட்டும் இருக்கிறதா என்ன, பாதி அந்தத் தோலில் இருக்கிறது. ஆனால் வாசித்தவர் பெயர் அழைப்பிதழில் வரும், செய்தவர் பெயர் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும். பறைக்கு இன்னும் மோசம். நாகஸ்வரத்துக்காவது கோவிலுக்குள் இடம் இருந்தது.

[திரையில்: கடற்கரையோரக் குப்பம், மேடை, குழந்தைகள்]

இதையெல்லாம் பேசினால் உடனே ஒரு நல்ல மனசுக்காரர் வந்து, 'நாம் கலையை மக்களிடம் எடுத்துப் போகலாம்' என்பார். எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல். மக்களிடம் கலை இல்லை, நம்மிடம் இருக்கிறது, கொஞ்சம் கொடுத்துவிட்டு வரலாம் என்கிற தொனி அதில் இருக்கிறது. 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கியபோது இந்த விமர்சனத்தைப் பலரும் வைத்தார்கள், நியாயமான விமர்சனம்தான். ஆனால் அங்கே பறையாட்டமும் கர்நாடகப் பாட்டும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன, சபாவுக்கே போகிறவர்கள் செருப்புக் காலோடு மணலில் நடந்து குப்பத்துக்குள் வர வேண்டியிருந்தது, அந்த இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. 2024இல் அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவித்ததும் சில கலைஞர்கள் அகாடமி சீசனிலிருந்தே விலகிக்கொண்டதையும் நீதிமன்றம் வரை போனதையும் பார்த்திருப்பீர்கள்.

சில சபாக்கள் இப்போது நாகஸ்வரத்துக்கென்றே தனி விழா நடத்துகின்றன. வாசிப்பவர்களுக்கு வருமானம், மேடை, நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீசனுக்கு வெளியே தனி விழா என்பது தனிப் பந்தி மாதிரிதான். சீசனுக்குள், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு, கச்சேரியின் பெரிய உருப்படியான ராகம் தானம் பல்லவியோடும் முழுத் தனி ஆவர்த்தனத்தோடும் இரண்டரை மணி நேரம், டிக்கெட் வைத்துக் கொடுக்க வேண்டும்.

டிக்கெட் விற்காது என்று காரியதரிசிகள் சொல்வார்கள். இருக்கலாம். இன்றைக்கு ஆறரை மணிக்கு ஹாலை நிரப்புகிற பாடகர்களும் ஒரு காலத்தில் ஒரு மணி வெயிலில் காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்கள்தான். அவர்களை வருஷா வருஷம் மத்தியானத்திலிருந்து நாலு மணிக்கும், நாலிலிருந்து ஆறரைக்கும் சபாக்கள்தான் நகர்த்திக் கொண்டுவந்தன. கூட்டம் அப்புறம்தான் வந்தது. நாகஸ்வரத்தை அந்த முதல் படியிலிருந்து எந்த சபா எத்தனை வருஷம் நகர்த்திப் பார்த்தது என்று அடுத்த தடவை விற்காது என்று சொல்லும்போது கேளுங்கள்.