ஸ்டேபிளா, சிட்டா: அச்சுக்கடைக் கணினிக்கு எந்த டெபியன்?

வணக்கம். அல்சூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் துளையிடும் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் மாடி எழும்புகிறது. பெங்களூரில் சத்தமில்லாத நேரத்தில்தான் வீடியோ எடுப்பேன் என்றால் விடியற்காலை மூன்று மணிக்குத்தான் உட்கார வேண்டும்.

சிவாஜிநகரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கடைக் கணினியில் டெபியன் 12 லினக்ஸ் இருக்கிறது. பத்திரிகை வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் அதில் 1.2-லேயே நிற்கிறது. எனக்கு 1.4 வேண்டும். பேசாமல் டெபியனின் சிட் கிளைக்கு மாறிவிடட்டுமா?"

மாறாதீர்கள் என்றேன். ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

டெபியனுக்கு முக்கியமாக மூன்று கிளைகள்: சிட், டெஸ்டிங், ஸ்டேபிள். புதிய மென்பொருள் எதுவும் முதலில் சிட்டில்தான் வந்து இறங்கும். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்க முடியாது. அங்கே வழக்கமாக இரண்டிலிருந்து பத்து நாள் வரை பெரிய பழுது எதுவும் கிளம்பாமல் இருந்தால் அந்த மென்பொருள் தொகுப்பு டெஸ்டிங்குக்கு நகரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து, மாதக்கணக்கில் பழுது பார்த்து, ஸ்டேபிள் என்று வெளியிடுவார்கள். புக்வார்ம் எனப்படும் 12 வந்தது 2023 ஜூனில். டிரிக்ஸி எனப்படும் 13 வந்தது 2025 ஆகஸ்டில்.

ஸ்டேபிளில் பெரும்பாலும் மென்பொருள்களின் பதிப்பு எண் நகராது. அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால், அதை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தி அனுப்புகிறார்கள். எண்ணின் வாலில் மட்டும் சின்ன மாற்றம் தெரியும். இங்கே அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கூத்து பழக்கம்: ஆடிட் மென்பொருள் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, ஓட்டை இன்னும் இருக்கிறது என்று பக்கம் பக்கமாகச் சிவப்புக் கோடு போட்டுத் தரும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து, இது அடைபட்டுவிட்டது, இதுவும் அடைபட்டுவிட்டது என்று பதில் எழுத வேண்டும்.

சரி, சிட் எப்படி இருக்கும்? 2024 வசந்த காலத்தைச் சொல்கிறேன். 32 பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19-ஆம் தேதியோடு நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய டெபியன்காரர்கள் பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஏராளமான நூலகத் தொகுப்புகளின் பெயரிலேயே "டி64" என்ற வாலை ஒட்டினார்கள். நல்ல வேலை, செய்தே தீர வேண்டிய வேலை. ஆனால் அந்த வாரங்களில் சிட்டில் முழு மேம்படுத்தல் கட்டளையைத் தட்டினால் திரையில் என்ன வரும் தெரியுமா? "நீக்கப்படுபவை" என்ற தலைப்புக்குக் கீழே நீளமான பட்டியல். பாதி டெஸ்க்டாப் அதில் இருக்கும். கடைசியில் "தொடரலாமா?" என்று ஒரு வரி. அந்த இடத்தில் பட்டியலைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று தட்டி, இரண்டு வாரம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிக்காமல் சம்மதம் தட்டியவர்களுக்கு மறுமுறை கணினியைத் திறந்தபோது கறுப்புத் திரைதான் மிச்சம்.

முகூர்த்த மாதத்தில் பத்திரிகைக் கடைக்காரர் அந்தப் பட்டியலை உட்கார்ந்து படிப்பாரா? படிக்க மாட்டார். படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

இதை வைத்துச் சிட் ஆட்களை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அதே 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்த எக்ஸ்இஸட் விவகாரம் நினைவிருக்கும். எல்லா லினக்ஸிலும் இருக்கும் ஒரு சுருக்கும் மென்பொருள். அதன் பராமரிப்பாளர் நம்பிக்கையை இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாகச் சம்பாதித்த ஒருவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி, வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். சிட் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் உள்ளே நுழைய ஏறக்குறைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று நச்சரிப்பாகத் தோன்றி, தோண்டிப் பார்த்திருக்கிறார். அரை வினாடி! சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்று பழகிய நமக்கெல்லாம் அது உறைத்தே இருக்காது. அப்போதைய ஸ்டேபிளில் இருந்தது 5.4.1. பின்கதவு அதைத் தொடவே இல்லை. பின்கதவு முதலில் நுழைந்ததும் சிட் போன்றவற்றில், பிடிபட்டதும் சிட்டில். அந்த ஆட்கள் முன்னால் நின்று அடி வாங்குவதால்தான் அச்சுக்கடை நிம்மதியாக ஓடுகிறது. உங்களுக்கும் அப்படி முன்னால் நிற்க ஆசை, வேறொரு கணினியும் கைவசம் உண்டு என்றால் தாராளமாகப் போடுங்கள். பழுது கண்டால் எழுதி அனுப்புங்கள். எழுதாமல் சிட் ஓட்டுவதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

டெஸ்டிங்கை நடுவழி என்று பரிந்துரைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெரும்பாலும் சிட் வழியாகச் சுற்றிக்கொண்டு தாமதமாகத்தான் அங்கே வந்துசேரும். அவசரத் திருத்தம் சிட்டுக்கு உடனே வரும், ஸ்டேபிளுக்கும் தனிக்குழு அனுப்பிவிடும். நடுவில் இருப்பவர்தான் காத்திருக்க வேண்டும்.

இப்போது தம்பியின் கணினிக்கு வருவோம். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பு. அதற்காக இயங்குதளத்தின் மையமான கெர்னலிலிருந்து பிரிண்டர் சேவை வரை எல்லாவற்றையும் தினம் தினம் ஆடவிடுவானேன்? மென்பொருளைத் தனிப் பொட்டலமாக நிறுவ உதவும் ஃபிளாட்பேக்கைப் போட்டு, அதன் இணையக் கடையான ஃபிளாட்ஹப்பிலிருந்து இங்க்ஸ்கேப்பை மட்டும் இறக்கினால் முடிந்தது. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், பிடித்துவிட்டுப் போகட்டும். அடித்தளம் அசையவில்லை, பிரிண்டர் நேற்று அடித்த மாதிரியே இன்றும் அடிக்கிறது.

வன்பொருள் புதிதாக இருந்தால் கதை வேறு. இந்த ஆண்டு வந்த லேப்டாப்பில் பழைய ஸ்டேபிளைப் போட்டால் வைஃபை தெரியாமல் போகலாம். 12-இல் இருக்கும் கெர்னல் 6.1, 13-இல் 6.12. அப்போதும் சிட் தேவையில்லை, ஸ்டேபிளுக்கென்று புதுப் பதிப்புகளைத் தனியே தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து கெர்னலை மட்டும் புதிதாக எடுக்கலாம். ஆனால் நம்மில் பலர் வாங்குவது பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில், கம்பெனிகள் சில ஆண்டு ஓட்டிவிட்டுத் தள்ளிவிடும் லேப்டாப்கள். அவற்றின் வைஃபை, டச்பேட், கைரேகை சமாச்சாரமெல்லாம் கெர்னலுக்கு எப்போதோ அத்துப்படி. ஸ்டேபிளுக்கென்றே செய்த சாமான் மாதிரி இருக்கும்.

நிரல் எழுதுவதுதான் தொழில், எல்லாமே ஓரளவு புதிதாக வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸுக்கு. ஆறு மாதத்துக்கு ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு. உபுண்டு லினக்ஸ் என்றால் நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு மட்டும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். ஆர்ச் லினக்ஸ் வேண்டுமானால் மேம்படுத்துவதற்கு முன் அவர்களுடைய செய்திப் பக்கத்தைப் படிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

எதைச் செய்தாலும் ஸ்டேபிளில் சிட் களஞ்சியத்தையும் சேர்த்து, இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு தொகுப்புக்காகச் சேர்ப்பீர்கள், அது எல்லா மென்பொருளும் சார்ந்திருக்கும் சி நூலகத்தை இழுக்கும், அது இன்னும் பத்தை இழுக்கும், பிறகு அது எந்த டெபியன் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் களஞ்சியக் கோப்பில் "ஸ்டேபிள்" என்று எழுதாமல், 12 என்றால் "புக்வார்ம்", 13 என்றால் "டிரிக்ஸி" என்று பெயரையே எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கு எப்போது போவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, பழைய 32 பிட் கணினி வைத்திருப்பவர்களுக்கு: 13-இல் அதற்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. 12-லேயே இருங்கள். பேக்போர்ட்ஸ் சேர்ப்பதை அடுத்த வீடியோவில் திரையிலேயே செய்து காட்டுகிறேன், இந்தத் துளை போடுகிறவர் அனுமதித்தால்.