பால்வெளி தட்டையானது எப்படி?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மாசி, பங்குனி மாதங்களில் விடியலுக்கு முன் முட்டம் கடற்கரையில் வள்ளம் இறக்குவோருக்குத் தென்கிழக்கு வானில் வெளிறிய பட்டை ஒன்று தெரியும். அதுவே நம் சூரியனும் அடங்கிய விண்மீன்திரளான பால்வெளி. ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமும் அதில் நூறில் ஒரு பங்கே தடிமனும் உள்ள ஒரு தட்டுக்குள் இருந்துகொண்டு நாம் பார்ப்பதால்தான், அது வானம் முழுதும் பரவாமல் பட்டையாகத் தெரிகிறது. அந்தத் தட்டு எப்படி வந்தது?

பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் தட்டு எதுவும் இல்லை. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருள் திரண்ட குவியல்களுக்குள் ஹைட்ரஜனும் ஹீலியமும் விழுந்துகொண்டிருந்தன. அக்கம்பக்கத்துக் குவியல்களின் ஈர்ப்பு இழுத்ததில் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுழற்சி கிடைத்தது. 1949இல் வானியலாளர் பிரெட் ஹாயில் முன்வைத்த கருத்து இது. 1969இல் ஜேம்ஸ் பீபிள்ஸ் அதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தன்று ரத வீதியில் கூட்டத்துக்குக் குறுக்கே நடக்க முயன்றவர்களுக்கு மற்றது எளிதில் விளங்கும்: அவர் மீதும் இவர் மீதும் இடித்து, வேகம் இழந்து, கடைசியில் தேர் போகும் பக்கமே நாமும் போய்க்கொண்டிருப்போம். மேலிருந்து விழும் வாயு மேகமும் கீழிருந்து எழும் மேகமும் மோதிச் சூடாகி, அந்தச் சூட்டை ஒளியாக வெளியே விட்டுவிடுகின்றன. எதிரெதிர் ஓட்டங்கள் அழிய, எல்லாவற்றுக்கும் பொதுவான சுழற்சி மட்டும் மிஞ்சுகிறது. அச்சுழற்சி வாயுவை மையம்வரை விழவிடாது. ஆகவே அது அச்சின் திசையில் மட்டும் அமுங்கித் தட்டாகிறது. மறுபடியும் சொல்கிறேன்: வாயு வெப்பத்தை ஒளியாக இழக்கலாம், சுழற்சியை அப்படி இழக்க முடியாது. விண்மீன்களோ ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருப்பதால் மோதிக்கொள்வதே அரிது. எனவே தட்டு அமையுமுன்னரே விண்மீன்களாகிவிட்ட பகுதி உருண்டையாகவே நின்றுவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் இந்த ஒரு செய்தியாவது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தட்டாவது வேறு, தட்டு அடங்குவது வேறு. உள்ளே விழும் புது வாயுவும் வெடித்துச் சிதறும் பெருவிண்மீன்களும் இளந்தட்டுகளைக் கலக்கிக்கொண்டே இருந்தன. 2012இல் வானியலாளர் சூசன் காசின் குழுவினர் 544 விண்மீன்திரள்களை ஆராய்ந்து, கடந்த 800 கோடி ஆண்டுகளில் அக்கலக்கம் குறைந்து சுழற்சி ஓங்கியதையும், பெரிய திரள்களே முதலில் அடங்கியதையும் கண்டனர். ஆனால் 2020இல், சிலியின் அடகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கி, பெருவெடிப்புக்குப் பின் 150 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்தில், நொடிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் ஒழுங்காகச் சுழலும் ‘உல்ஃப் தட்டு’ ஒன்றைக் காட்டியது. 2024இல் அறிவிக்கப்பட்ட ரெபெல்ஸ்-25 என்ற சுழலும் திரள் இன்னும் முந்தியது. பெருவெடிப்புக்குப் பின் 70 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்தது. காசின் அளந்தது சூடான வாயு, அல்மா அளப்பது குளிர்ந்த வாயு. இதை மறந்து இரண்டையும் மோதவிடுவது சரியல்ல என்பேன்.

சுருள்கைகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பால்வெளி மீது மற்றொரு திரள் மோதியது என்பதையும், 2018இல் கையா விண்கலத் தரவுகள் வழியே அது தெரியவந்தது என்பதையும் மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.