ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும்

கொடைக்கானல் பண்பலை நேயர்களுக்கு வணக்கம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மிளகு பறிப்பு தொடங்கினாலே எனக்கு மனசு பதறும். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறுகிறார்கள். ஏணி சறுக்கினால் கீழே பாறை. 108-ஐக் கூப்பிடலாம், 2008-லிருந்து அந்தச் சேவை நமக்கு இருக்கிறது. ஆனால் வண்டி தோட்டத்துக்குள் இறங்காது. வெள்ளகவி போன்ற ஊர்க்காரர்கள் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்தது உங்களுக்கே தெரியும். அதனால் முதலுதவிப் பயிற்சி முதலில் போய்ச் சேர வேண்டியது, கூட மிளகு பறிப்பவருக்கும் ஜீப் ஓட்டுகிறவருக்கும்தான்.

முதலில் ரத்தம். பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, முட்டி போட்டு, கையை நேராக நீட்டி, உடம்பின் கனத்தை முழுக்க இறக்கி அழுத்துங்கள். பயிற்சியில் அநேகமாக எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ‘நின்னுடுச்சா பாப்போம்’ என்று துணியைத் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கவே கூடாது. உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். குத்தி நிற்கும் கம்பையோ கத்தியையோ பிடுங்கவும் கூடாது.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியைக் கட்டி, குச்சி சொருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரி போகும்வரை அதைத் தளர்த்தக் கூடாது. கயிறும் கம்பியும் சதையை அறுக்கும், அவை ஆகாது.

அடுத்தது குளிர். மலைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. உடம்பு சில்லிட்டால் ரத்தம் சரியாக உறையாது. ஈரத் தரையில் கிடப்பவருக்கு மேலே போர்த்தினால் மட்டும் போதாது, அடியிலும் கம்பளியோ சாக்கோ விரிக்க வேண்டும். நனைந்த சட்டையைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரோ டீயோ வாயில் ஊற்றாதீர்கள்.

மரத்திலிருந்து விழுந்தவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைப்பதுதான் எனக்குப் பெரிய பயம். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே கால் விளங்காமல் போகலாம். ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு எண்ணட்டும். மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் பிடித்து, எல்லாரும் ஒரே சமயத்தில் திருப்பிப் பலகையில் கிடத்த வேண்டும். டோலியில் உடம்பு வளையும், அதனால் இவருக்குப் பலகையோ கழற்றிய கதவோதான் நல்லது.

இதெல்லாம் காதால் கேட்டு வருவதில்லை, கை பழக வேண்டும். அடுத்த கிராம சபையில் பயிற்சி கேட்டுத் தீர்மானம் போடுங்கள். பறிப்புக்குப் போகும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு யார் ஓடுவது, ரோட்டு முனையில் யார் நிற்பது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம், பயிற்சிக்கு வரும்போது பழைய வேட்டி ஒன்று கொண்டு வாருங்கள். அதில்தான் கட்டிப் பழகப் போகிறோம்.