பட்டா இல்லாத பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு கேக்குதா? சரி, ஆரம்பிச்சிடலாம்.

சொந்தமா பாட்டு எழுதி, வீட்லயே ரெக்கார்ட் பண்ணி, தானே நெட்ல ஏத்துற பசங்க பொண்ணுங்க இப்ப நிறைய பேர் இருக்கீங்க, இந்த ஹால்லயே ரெண்டு மூணு கிடார் பை தெரியுது. நீங்க மேடை ஏறுனா பாட்டுக்கு முன்னாடி "இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னா"ன்னு ஒரு கதை சொல்றீங்க, கீழ இருந்து ஒருத்தர் "பாட்டப் பாடுப்பா, கதை எதுக்கு"ன்னு குரல் விடுறாரு. நான் அந்தக் கதைக்குக் காத்துக்கிட்டு இருக்கிற ஆளு. ஏன்னா பாட்டுக்கு அந்தக் கதைதான் பட்டா. அது கையில இல்லன்னா, இது புறம்போக்குதானேன்னு எவனாவது வந்து வேலி போட்டுட்டுப் போயிடுவான். அப்படி வேலி போட்ட ஒரு பாட்டப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

எலிசபெத் காட்டன். செல்லமா லிப்பா. அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல சாப்பல் ஹில், கார்போரோன்னு ஒட்டி ஒட்டி ரெண்டு ஊரு, அங்க 1890கள்ல பொறந்த கறுப்பினப் பொண்ணு. வீட்ல சின்ன வயசுல பேரு சொல்லியே கூப்பிடல, 'லிட்டில் சிஸ்'தான், அதாவது குட்டித் தங்கச்சி. பள்ளிக்கூடத்துல டீச்சர் உன் பேரு என்னம்மான்னு கேட்டப்ப எலிசபெத்னு தானே ஒரு பேரச் சொல்லிடுச்சாம். தனக்குத் தானே பேரு வச்சுக்கிட்ட பொண்ணு தானே பாட்டு கட்டுனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அண்ணன் கிட்ட ஒரு பேஞ்சோ, அதான் கிடார் மாதிரி ஒரு கம்பி வாத்தியம், இருந்துச்சு. அவரு வேலைக்குப் போனதும் இது எடுத்து வாசிக்கும், கம்பிய அறுத்து வச்சிடும். இதுக்கு இடது கை பழக்கம், ஆனா அண்ணனோடத திருட்டுத்தனமா எடுக்கிறப்ப கம்பிய மாத்திக் கட்ட முடியுமா? அப்படியே தலைகீழாப் புடிச்சு வாசிச்சுப் பழகிடுச்சு. அப்புறம் வெள்ளைக்காரங்க வீட்ல வேலைக்குப் போயி, ஆரம்பத்துல மாசம் 75 சென்ட் சம்பளம், அதுல சேத்து வச்சு 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஸ்டெல்லான்னு ஒரு கிடார் வாங்குச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு காசு செலவழிக்காம இருந்தா அஞ்சு மாசச் சம்பளம்.

கிடார் வாசிக்கிறவங்க இத கொஞ்சம் கவனிங்க. நாம சாதாரணமா கட்டைவிரல்ல பேஸ் கம்பிய, அதாவது தடிச்ச கம்பிய அடிப்போம், மத்த விரல்ல மெலடி, அதாவது பாட்டோட மெட்டு வாசிப்போம். கிடாரத் திருப்பிட்டா பேஸ் கம்பி கீழ போயிடுது, மெல்லிசான கம்பி மேல வந்துடுது. அதனால அந்தம்மாவுக்கு மெலடி கட்டைவிரல்ல, பேஸ் விரல்ல. கட்டைவிரல் மெதுவா அழுத்தமா விழுற விரல், அதனால அந்த மெலடிக்கு ஒரு நடை வரும், எவ்வளவு பெரிய கிடாரிஸ்டும் நேரா புடிச்சு அத வாசிச்சா அந்த நடை அப்படியே வராது. இதுக்கு இப்ப 'காட்டன் பிக்கிங்'னே பேரு.

வீட்டுக்குப் பக்கத்துலயே ரயில் பாதை. ராத்திரி படுத்திருந்தா சத்தம் கேக்கும், பகல்ல பிள்ளைங்க எல்லாம் போயி வேடிக்கை பாக்கும். அதுல இருந்துதான் 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டு வந்துச்சு. எழுதுனப்ப வயசு பதினொண்ணு பன்னெண்டுதான். பாட்டுல என்ன இருக்குன்னா, ஒரு கூட்ஸ் வண்டி வேகமா போகுது, நான் எந்த வண்டியில போறேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு கேக்குது, அப்புறம் நான் செத்தா செஸ்ட்நட் தெருக் கோடியில புதைங்க, அப்பதான் ஒம்பதாம் நம்பர் வண்டி போற சத்தம் எனக்குக் கேக்கும்னு சொல்லுது. அந்த வயசுப் பிள்ளை சாவைப் பத்தி எழுதுதேன்னு சிலருக்கு அதிர்ச்சி. எனக்கு அந்தத் தெருப் பேருதான் முக்கியம். செத்த பிறகும் எங்க படுக்கணும்னு விலாசம் போட்டு எழுதியிருக்கு பாருங்க.

இன்னொரு பாட்டு, 'பேப் இட் எய்ன்ட் நோ லை', அதாவது இது பொய்யில்லன்னு அர்த்தம். எதுத்த வீட்ல ஒரு வயசான அம்மா இவளப் பத்தி இவ அம்மாகிட்ட ஏதோ பொய் சொல்லிடுச்சு, அம்மா நம்பி இவளுக்குத் தண்டனை குடுத்துட்டாங்க. எதுத்துப் பேச முடியாது, பெரியவங்களாச்சே. அதனால பாட்டாக் கட்டிடுச்சு. கோள் சொன்னவங்களுக்கே பிடிச்சுப் போச்சுன்னா பாத்துக்கங்களேன், யாரப் பத்தின பாட்டுன்னு தெரியாம அந்தம்மா கேட்டு ரசிச்சாங்களாம். இப்படி ஒரு பழிவாங்கல் எந்த ராப் பாட்டுலயும் நான் கேட்டதில்ல.

அப்புறம் சின்ன வயசுலயே கல்யாணம், ஒரு பொண்ணு, சர்ச்ல சாமி பாட்டு தவிர வேற பாட்டெல்லாம் கூடாதுன்னுட்டாங்க, கிடார் மூலைக்குப் போயிடுச்சு. ஏறக்குறைய நாப்பது வருஷம்.

இனிமேதான் கதையே. வாஷிங்டன்ல ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல பொம்மை விக்கிற பக்கம் வேலை பாக்குறாங்க. ஒரு சின்னப் பொண்ணு தொலைஞ்சு போயி அழுதுக்கிட்டு நிக்குது, கூட்டிட்டுப் போயி அம்மாகிட்ட ஒப்படைக்கிறாங்க. அந்தக் குழந்தை பெகி சீகர், அம்மா ரூத் க்ராஃபோர்ட் சீகர்ங்கிற இசையமைப்பாளர், அப்பா சார்லஸ் சீகர் இசை ஆய்வாளர். அந்த வீட்டுக்கே இவங்க சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் போய்ச் சேர்றாங்க. அது எப்படிப்பட்ட வீடுன்னா, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்டிங்க திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு ரூத் அம்மா உக்காந்து நோட்டேஷன் எழுதுற வீடு, அப்படி எழுதுன புத்தகம் 1941ல வந்திருக்கு. எங்கெங்கயோ கிராமத்துல எவர் பாடுனதோ அதெல்லாம் அந்த வீட்டுக்கு வந்து சேருது, அடுப்படியில இஸ்திரி போடுறவங்க கிட்ட ஒரு பாட்டு இருக்குன்னு யாருக்கும் தெரியல, கேக்கவும் தோணல. நல்ல மனுஷங்கதான், குறை சொல்லல. ஆனா இது கொஞ்சம் உறுத்துது. கடைசியில சுவத்துல மாட்டியிருந்த கிடார எடுத்து இவங்க வாசிச்சுக்கிட்டு இருந்தத பெகி கேட்டுத்தான் விஷயம் வெளிய வந்துச்சு.

பெகி 50கள்ல இங்கிலாந்து போறாங்க, போற எடத்துல லிப்பாவோட 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டையும் பாடுறாங்க. அங்க அப்ப ஸ்கிஃபில்னு ஒரு மோகம், பழைய அமெரிக்கப் பாட்டு எது கிடைச்சாலும் பசங்க புடிச்சுப் பாடுவாங்க. ரெண்டு பேரு இத தாங்க எழுதுனதாவே பதிவு பண்ணிட்டாங்க. சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடி 1957ல பிரிட்டன்ல பெரிய ஹிட். எழுதுனவங்க அப்ப வாஷிங்டன்ல வீட்டு வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க! நாட்டுப்புறப் பாட்டுன்னு ஒரு முத்திரை குத்திட்டா, எழுதுன ஆள் யாருன்னு தேடவே வேண்டாம்னு ஆயிடுது, அந்த வசதியத்தான் நான் சொல்றேன். நம்ம ஊர்ல நடவுப் பாட்டும் ஒப்பாரியும் கட்டுன அம்மாக்களுக்கும் இதேதான் நடந்திருக்கு.

சீகர் குடும்பம் கூட நின்னு போராடித்தான் லிப்பாவோட உரிமை திரும்ப வந்துச்சு. இன்னமும் சில எடத்துல தப்பான பேரப் போடுறாங்க, அது வேற. பெகியோட அண்ணன் மைக் சீகர் டேப் மெஷின தூக்கிட்டு லிப்பா வீட்டுக்கே போயி, பேரப்பிள்ளைங்க சுத்தி இருக்க ரெக்கார்ட் பண்ணாரு. 1958ல ஃபோக்வேஸ்னு ஒரு சின்ன கம்பெனி அத ரெக்கார்டா போட்டுச்சு. ஹோம் ஸ்டுடியோன்னு நாம இப்ப பெருமையா சொல்றோமே, அதான். 1960ல மைக் கூட முதல் கச்சேரி, அறுவது வயசு தாண்டியாச்சு.

'ஷேக் சுகரீ'ன்னு ஒரு பாட்டு, இருக்கிறதெல்லாம் அடகு வச்சாச்சுன்னு ஒவ்வொரு பொருளா சொல்லிக்கிட்டே போகும். ராத்திரி தூங்கப் போற நேரத்துல கொள்ளுப்பேரப் பிள்ளைங்க ஆளுக்கொரு வரி சொல்லச் சொல்ல சேந்த பாட்டு அது. ரெக்கார்ட்ல பாடுனதும் அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணுதான், பிரெண்டா எவன்ஸ், பன்னெண்டு வயசு.

பாட்டுல வந்த காசுலயும் கச்சேரிக் காசுலயும் நியூயார்க் மாநிலத்துல சிராகூஸ் ஊர்ல சொந்தமா வீடு வாங்குனாங்க. 1985ல கிராமி விருது, தொண்ணூறு வயசுக்கு மேல. எந்த ஆல்பத்துக்கு தெரியுமா? லைவ் கச்சேரி ஆல்பத்துக்கு. பாட்டுக்கு நடுவுல பேஞ்சோ கதை, கிடார் கதை, அந்தப் பேரு கதை எல்லாம் அவங்க வாயாலயே அதுல இருக்கு. கச்சேரிக்குக் கச்சேரி எங்க, எப்ப, எதுக்கு எழுதுனேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் அத பாரம்பரியப் பாட்டுன்னு எவன் சொல்ல முடியும்? 1987ல போயிட்டாங்க. இப்ப கார்போரோவுல ரயில் பாதைய ஒட்டிப் போற சைக்கிள் பாதைக்கு அவங்க பேரு.

அதனால கிடார் பையோட வந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களா, பாட்டு முடிஞ்ச அன்னிக்கே தேதி போட்டு, எங்க உக்காந்து எழுதுனீங்க, யாரால எழுதுனீங்கன்னு ஒரு பக்கம் எழுதி வைங்க, முதல் டெமோவ அழிச்சிடாதீங்க, காப்பிரைட் பதிவு பண்ண முடிஞ்சா பண்ணுங்க. மேடையில கதை சொல்லக் கூச்சப்படாதீங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுங்க, அவ்வளவுதான். அதே சீகர் குடும்பத்துப் பாடகர் பீட் சீகர் நடத்துன ரெயின்போ க்வெஸ்ட் டிவி நிகழ்ச்சியில லிப்பா வாசிக்கிறது இருக்கு, தேடிப் பாருங்க, கட்டைவிரலப் பாருங்க. கேள்வி இருந்தா கேக்கலாம், முதல்ல அந்த மூணாவது வரிசை.