நாய்க்குச் செயற்கைக் கண் வைப்பது எப்படி?

[காட்சி: நாயின் முகம், மிக அருகில்]

இடது கண்ணைப் பாருங்கள். வலதைவிடப் புடைத்திருக்கிறது, வெள்ளை சிவந்திருக்கிறது, நடுவில் நீலம் பூத்திருக்கிறது. இது கிளாக்கோமா. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிட்டது. நாய்க்கு 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டியது 50-ஐத் தாண்டினால், ஓரிரு நாளிலேயே பார்வை போய்விடலாம்.

பார்வை போனாலும் வலி போகாது. நாய் அழுது காட்டாது. அதிகம் தூங்கும், தலையைத் தடவ வந்தால் விலகும். வயசாகிவிட்டது என்று நாமே சொல்லிக்கொள்வோம். பாவம், அது வலி.

மருந்துக்கு அடங்காத, பார்வை திரும்பாத கண்ணுக்குத்தான் இந்த அறுவை சிகிச்சை.

[காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்]

மனிதர்கள் கழற்றி மாட்டும் கண் போன்றதல்ல இது. நாயை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, விழியின் வெள்ளைப் பகுதியில் மேல்பக்கமாகக் கீறித் திறக்கிறார்கள். லென்ஸ், விழித்திரை என்று உள்ளிருப்பதையெல்லாம் வழித்து எடுக்கிறார்கள். மிஞ்சுவது வெளி ஓடு மட்டும்: முன்னால் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலம், மற்றபடி வெள்ளை. அதற்குள் கறுப்பு சிலிகான் உருண்டையை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். நல்ல கண்ணின் கார்னியா அகலத்தோடு ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் உருண்டையின் அளவு கிடைக்கும். புடைத்திருந்த ஓடு சில வாரங்களில் சுருங்கி உருண்டையைக் கவ்விக்கொள்ளும்.

தசைகளும் இமைகளும் அப்படியே இருப்பதால் கண் அசையும், இமைக்கும்.

முதல் சில வாரங்கள் பார்க்கவே பயமாக இருக்கும். கார்னியாவில் ரத்தக் குழாய்கள் ஓடி, கண் செக்கச்செவேலென்று ஆகும். பதற வேண்டாம். அந்தச் சிவப்பு வடிந்து, கறுப்பிலோ சாம்பலிலோ நிற்கும். தையல் ஆறும்வரை, கண்ணைச் சொறியாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள்.

சரி, எல்லா நாய்க்கும் செய்யலாமா? கண்ணுக்குள் கட்டியோ கிருமித்தொற்றோ இருந்தால் கூடாது. வழித்தெடுத்ததைத் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள், மறைந்திருந்த கட்டி அங்கே பிடிபடலாம். கண் உலரும் நோய் இருந்தாலும் நான் தயங்குவேன். கார்னியா உயிருள்ள திசு, அதில் எப்போது வேண்டுமானாலும் புண் வரலாம். உணர்வும் குறைந்திருக்கும் என்பதால் நாம்தான் தினமும் உற்றுப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட நாய்க்கு, விழியை முழுதாக எடுத்து இமையைத் தைத்துவிடுவதே மேல். முகம் எப்படித் தெரிகிறது என்ற கவலை நமக்குத்தான்.

[காட்சி: அதே நாய், வாயில் பந்து]

எந்த வழியில் போனாலும் வலி நின்றுவிடுகிறது. வயசாகிவிட்டது என்று நினைத்த நாய், பந்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி நம்மிடம் வருகிறது.