குழாயிலா, நுரையீரலிலா?

வணக்கம் நேயர்களே. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரம் நிற்கும் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "டொக்டர், அம்மாவுக்குப் பிரஷர் கூடிருச்சாமே, மாத்திரை குடுத்தீங்களா?" என்பதுதான். தாதி சொன்னது இரத்த அமுக்கம் அல்ல. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது சுவாசப் பாதையில் ஏறும் அமுக்கம்.

நாம் மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிந்து காற்று தானாக வருகிறது. மிஷினோ தொண்டைக்குள் விட்ட குழாய் வழியே வெளியிலிருந்து தள்ளுகிறது. மிஞ்சினால் நுரையீரலே காயப்படும்.

அலாரம் அடித்ததும் நாங்கள் தேடுவது ஒன்றைத்தான்: அமுக்கம் குழாயிலா, நுரையீரலிலா? மூச்சு உள்ளே போய் முடிந்த கையோடு அரை விநாடி காற்றோட்டத்தை நிறுத்திப் பார்ப்போம். அமுக்கம் சட்டென்று நிறைய இறங்கினால் சிக்கல் வழியில். குழாய் மடங்கியிருக்கும், நோயாளி கடித்திருப்பார், சளி அடைத்திருக்கும். பூச்சிமருந்து குடித்து வருபவர்களில் சிலருக்குச் சளி ஊறிக்கொண்டே இருக்கும். நுவரெலியாக் குளிரில் இன்னொரு தொல்லை: ஈரமாக்கி அனுப்பும் சூடான காற்று குழாயில் தண்ணீராகத் தேங்கிவிடும். பனிக்காலத்தில் அதை வடித்தே தாதிமார் களைத்துப்போவார்கள்.

நிறுத்திப் பார்த்தும் இறங்காவிட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். நுரையீரல் விறைத்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றிக் காற்று கசிந்து நெருக்குகிறது. நிறுத்திப் பார்க்கும்போது காட்டும் அமுக்கம், 30 சென்ரிமீற்றர் உயர நீர் கொடுக்கும் அமுக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம்.

நுரையீரல் விறைத்தவர்களுக்கு மூச்சின் அளவையும் குறைப்போம். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட நோயாளிகளில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 6 மில்லிலீற்றர் கொடுக்கப்பட்டவர்களில் 31 பேர். இந்தக் கிலோ தராசுக் கிலோ அல்ல, உயரத்தை வைத்துப் போடும் கணக்கு. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருக்காதே! 150 சென்ரிமீற்றர் உயரமுள்ள, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்கு அது ஏறத்தாழ 43 கிலோ. ஒரு மூச்சுக்கு 260 மில்லிலீற்றர்தான், பெரிய கோப்பை பிளேன்டீ அளவு. கண்மதிப்பில் 500 வைத்துவிட்டு, அமுக்கம் ஏன் ஏறுகிறது என்று விடியும்வரை நான் முழித்த இரவும் உண்டு, பயிற்சிக் காலத்தில்.

இப்போது எங்கள் பிரிவில் தையல்காரரின் அளவுநாடா ஒன்று தொங்குகிறது. படுத்திருப்பவரை அளந்தாலும், வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்போம். "அம்மா என்ன உயரம்?" என்றால் சம்பந்தமில்லாத கேள்வி என்று நினைக்காதீர்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்கு எதுவரை வருவார் என்று கையால் காட்டுங்கள்.