ஏகபோகம் என்று பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

"போட்டிக்கு ஆளில்லாத வியாபாரம், அவர்களுக்கு என்ன கவலை?" நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் இப்படித்தான் கேட்பார்கள். நாட்டில் எடுக்கும் நிலக்கரியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அதன் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. 2024-25இல் மட்டும் சுமார் 78 கோடி டன். சரி, இவ்வளவு பெரிய நிறுவனம் தன் இஷ்டத்துக்கு விலை வைக்க முடிகிறதா?

சட்டப்படி முடியும். 2000ஆம் ஆண்டிலேயே விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். நடப்பு வேறு. 2018 ஜனவரியில் ஏற்றிய விலையை அடுத்து பெரிய அளவில் ஏற்றியது 2023 மே மாதக் கடைசியில்தான். அதுவும் உயர் தரக் கரிக்கு மட்டும், 8 சதவீதம். அதே மாதம் தொழிற்சங்கங்களுடன் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தம் 19 சதவீதத்துக்கு!

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கம்பெனியில் 63 சதவீதப் பங்கு மத்திய அரசுடையது. கரி விலை ஏறினால் மின் கட்டணம் ஏறும், பழி அரசின் தலையில் விழும். பெரிய வாடிக்கையாளர்களில் பலர் அரசு மின் நிலையங்கள், ஏற்றிப்போகும் ரயிலும் அரசுடையது. பணம் பாக்கி நின்றாலும் சரக்கை நிறுத்துவது லேசான காரியமில்லை, ஊரே இருண்டுவிடும். சந்தை விலையை ஏலத்தில் விற்கும் சிறு பங்கில்தான் பார்க்கலாம்.

வரியும் இந்த வியாபாரத்தைப் புரட்டிப் போடும். முன்பு எந்தக் கரியானாலும் ஜிஎஸ்டிக்கு மேல் டன்னுக்கு 400 ரூபாய் இழப்பீட்டு வரி. ஆயிரம் ரூபாய்க் கரிக்கும் அதே 400, ஐயாயிரம் ரூபாய் இறக்குமதிக் கரிக்கும் அதே 400. நம் கரியில் சாம்பல் அதிகம், வெப்பம் குறைவு, அதனால் விலையும் குறைவு. ஆகவே அடி இதற்குத்தான் பலமாக விழுந்தது. 2025 செப்டம்பரில் அந்த வரியை நீக்கி, ஜிஎஸ்டியை 5இலிருந்து 18 சதவீதமாக்கினார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். ஆயிரம் ரூபாய்க் கரிக்கு வரி 450இலிருந்து 180 ஆகிறது. ஐயாயிரம் ரூபாய்க் கரிக்கு 650இலிருந்து 900. என்னைக் கேட்டால், சமீப காலத்தில் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான். விலையை ஒரு பைசாகூட மாற்றாமலே போட்டியில் அதன் கை ஓங்கிவிட்டது.

அப்புறம் மழை. பெரும்பகுதி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் பருவமழையில் குழிகளில் தண்ணீர் நிற்கும், உற்பத்தி படுக்கும். 2021 அக்டோபரில் மின் நிலையங்களின் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போனபோது இதையும் பார்த்தோம்.

2020 முதல் தனியாருக்கும் வணிக ரீதியில் விற்கச் சுரங்கங்கள் ஏலம் விடப்படுகின்றன. அவை உற்பத்திக்கு வரவர, வாங்குகிறவர் தரத்தில் கறாராக இருப்பார். கரியை வெப்ப அளவுப்படி 17 தரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு படி இறங்கினாலும் விலை குறையும். ரயிலில் ஏற்றும் இடத்தில் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் எடுக்கும் மாதிரி எந்தத் தரம் என்று சொல்கிறதோ, அதற்குத்தான் பில். உற்பத்தி இலக்கைப் பற்றி வரும் செய்திகளைவிட அந்த ஆய்வு முடிவுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.